கொங்கு நாட்டுக் கொறங்காடு

புல்லுக்கு ஓய்வளித்து மேய்க்கும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே வுவாசான் 1957-இல் நூலாக வகுத்தார். காங்கயத்துக் குடியானவர்களோ அதனை முள்கிளுவை வேலியைக் கொண்டே நெடுங்காலம் நடத்தி வந்தனர். இரயிலிலிருந்து காணும் நாம் கொறங்காட்டைத் தரிசு என்றே எண்ணுவோம். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் அடர்ந்திருக்கும். கோடையில் வெள்வேலங்காயே தீவனம். காலையில் மாடுகளையும் செம்மறிகளையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், வேலியே மேய்ப்பன். ஒரு காடு மேய்ந்து தீருமுன் மந்தையை அடுத்த காட்டுக்கு மாற்றுவர். விட்ட காடு தழைக்கும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் பேணிய காங்கயக் காளைகள் இப்புல்லில் வளர்ந்தவையே. பாகப்பிரிவினைதான் இம்முறைக்குப் பகையாயிற்று. நான்கு காடுகள் நான்கு மக்களுக்குப் பிரிந்தால் ஆளுக்கு ஒன்றே மிஞ்சும். மேய்ந்த புல் தழைக்குமுன்னரே மீண்டும் கடிபடும்.