பழனி ரோப் கார்: 3 நிமிடப் பயணத்துக்கு ஏன் இத்தனை நாள் காத்திருப்பு?

கொடைக்கானலில் இருந்து சுமார் 65 கி.மீ. மலைப்பாதையில் இறங்கி பழனிக்கு வந்தால், ரோப் கார் நிலையத்தில் 'பராமரிப்புப் பணி' என்ற அறிவிப்புப் பலகை! முதியவர்களை அழைத்து வந்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்தான்.

பழனி மலைக்கோயிலுக்கு ரோப் கார் 2004-ல் வந்தது. மேலே போக சுமார் 3 நிமிடம் போதும். 1966-ல் தொடங்கிய வின்ச்சில் ஏறினால் சுமார் 8 நிமிடம் ஆகும். அதனால் எல்லோரும் தேடுவது ரோப் காரைத்தான்.

பிறகு ஏன் நிறுத்துகிறார்கள்? பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி ஓடுகின்றன. வடமும் அதைத் தாங்கும் உருளைகளும் ஓடஓடத் தேயும். 2007-ல் நடந்த ரோப் கார் விபத்தில் பக்தர்கள் உயிரிழந்தது பழனிக்காரர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு நடக்கும். வருடாந்திரப் பராமரிப்பு என்றால் ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கலாம். அப்போது வடம், பேரிங், உருளை என ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்து, தேய்ந்ததை மாற்றுவார்கள்.

வேலை முடிந்ததும் உடனே ஆட்களை ஏற்ற மாட்டார்கள். பெட்டிகளில் எடை வைத்து சோதனை ஓட்டம் நடக்கும். தாமதம் எரிச்சல் தரலாம். ஆனால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் அவசரப்படுத்தவே கூடாது.

பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில்தான் இந்த வருடாந்திரப் பணி வரும். ஆடிக் காற்று பலமாக வீசினால் மற்ற நாட்களிலும் ரோப் கார் நின்றுவிடும். அந்த நேரத்தில் வின்ச், யானைப்பாதை, ஏறத்தாழ 700 படிகள் கொண்ட படிப்பாதை ஆகியவைதான் வழி. வின்ச்சில் கூட்டம் கூடும் என்பதால், வயதானவர்களோடு போகிறவர்கள் காலையிலேயே வரிசையில் நிற்பது நல்லது.