வங்க காங்கிரஸ்: எழுச்சியும் மறைவும்

1967 என்றதும் தமிழராகிய நம் நினைவுக்கு வருவன, விருதுநகரில் காமராஜர் தோற்றதும் சென்னையில் அண்ணா முதலமைச்சரானதுமே. அதே தேர்தலில், நாம் பிழைக்க வந்த இக்கல்கத்தா மாநகரின் ரைட்டர்ஸ் கட்டடத்திலும் ஆட்சி மாறிற்று. அம்மாற்றத்துக்குக் காரணமாயிருந்த ஒரு சிறு கட்சியின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

மேதினிபூர் மாவட்டத்துத் தாம்லுக்கில், 1942-இல், அந்நியர் ஆட்சியை மதியாது மக்கள் தாமே ஓர் அரசு நிறுவினர். அதன் தலைவர்களில் ஒருவர் அஜய் முகர்ஜி. காந்தியடிகளின் நெறியில் நின்ற எளியவர். மாநிலக் காங்கிரசின் தலைமைப் பதவியிலிருந்து 1966-இல் நீக்கப்பெற்ற அவர், வங்க காங்கிரசைத் தோற்றுவித்தார். அரிசித் தட்டுப்பாட்டால் மக்கள் மனம் கொதித்திருந்த வேளை அது. அடுத்த ஆண்டே ஆராம்பாகில் முதல்வர் பிரபுல்ல சந்திர சென்னை அவர் வென்றார். கட்சிக்கு 280 இடங்களில் 34 கிடைத்தன. பதினான்கு கட்சிகள் கூடிய ஐக்கிய முன்னணிக்கு அவரே முதல்வரானார். நவம்பரில் ஆளுநர் தர்மவீரா அவ்வமைச்சரவையைக் கலைத்தார்.

1969-இல் மீண்டும் தேர்தல். வங்க காங்கிரஸ் பெற்றவை 33 இடங்கள். மார்க்சிஸ்ட் கட்சி பெற்றவையோ 80. முதல்வர் பதவி அஜய் பாபுவுக்கு. காவல்துறை துணை முதல்வர் ஜோதி பாசுவுக்கு. நாற்காலி ஓரிடத்தும் வலிமை வேறிடத்துமாக அமைந்தது. நாட்டுப்புறத்தில் நிலக் கைப்பற்றலும் கைகலப்பும் பெருகவே, அவ்வாண்டு டிசம்பரில், ஆளும் முதல்வரே கர்சன் பூங்காவில் தம் அரசை எதிர்த்து உண்ணாநோன்பிருந்தார். உலகில் யாங்கணும் காண்டற்கரிய காட்சி அது! 1970 மார்ச்சில் அவர் பதவி துறந்தார்.

1971 தேர்தலில் கட்சிக்கு எஞ்சியவை ஐந்தே இடங்கள். காங்கிரசின் துணையோடு மூன்றாம் முறை முதல்வரானார். மூன்று திங்களும் அவ்வாட்சி நிலைக்கவில்லை. பின்னர்க் கட்சியும் தாய்ச்சபையிலேயே கலந்து மறைந்தது. அக்கட்சியின் சார்பில் 1969-இல் மாநிலங்களவை புகுந்த இளைஞர் பிரணாப் முகர்ஜி, 2012-இல் குடியரசுத் தலைவரானார் என்பதே அதன் எச்சம் எனலாம்.

இவ்வளவு விரைவில் அது தேய்ந்தது ஏன்? தி. மு. கழகம் 1949 முதல் பதினெட்டு ஆண்டுகள் ஊர்தோறும் கிளை பரப்பி, மொழியுணர்வையும் தனக்கெனச் சில கொள்கைகளையும் வளர்த்த பின்னரே கோட்டை ஏறிற்று. வங்க காங்கிரசுக்கோ ஒரு நல்ல மனிதரின் பெயரும், ஆள்வோர்மீது மக்கள் கொண்ட சினமுமே முதலாயிருந்தன. சினம் ஆறியதும் முதல் கரைந்தது. கூட்டாளிகளோ தொழிற்சங்கமும் உழவர் சங்கமும் உடையவர்கள்.

எனினும், ஒரு கட்சியே என்றும் ஆளும் என்னும் எண்ணத்தை வங்கத்தில் உடைத்தவருள் அச்சிறு கட்சியினரும் உளர். பிழைக்க வந்த ஊரின் வரலாற்றையும் நம்முடையதாக அறிந்துகொண்டால், வாக்குச்சாவடியில் வங்காளிகளோடு வரிசையில் நிற்கும்போது நாம் அந்நியராக நிற்கமாட்டோம். ஒருவரின் நற்பெயர் ஆட்சியைப் பெற்றுத் தரலாம். அதைக் காத்து நிற்க வேரூன்றிய அமைப்பு வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது.