தொடக்க விலையும் தோட்டத் தொழிலாளியும்

மலையகத் தொழிலாளரின் வாழ்க்கையைப் பற்றி எழுதுவோர் குதிரைப் பந்தயத்தை மதுவோடு சேர்த்து, தனிமனித ஒழுக்கக் கேடெனக் கண்டித்து அமைவது வழக்கம். கண்டனத்தினால் ஒரு நிறுவனத்தின் இயல்பு விளங்கிவிடாது. பந்தயக் கடையில் விலை எவ்வாறு உருவாகின்றது என்னும் வினாவையே நாம் இங்கு முதன்மையாகக் கொள்கின்றோம்.

நுவரெலியாவில் 1875இல் ஆங்கிலத் துரைமாரின் பொழுதுபோக்காகப் பந்தயம் வேரூன்றியது. கொழும்புப் பந்தயங்கள் 1956இல் பதவியேற்ற பண்டாரநாயக்க அரசின் காலத்தில் முடிவுற்றன. ஆயினும் ‘றேஸ் புக்கி’ என மக்கள் வழங்கும் கடைகள் மறையவில்லை. அவை இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளை நம்பி நிலைத்தன. ஓடுகளம் கடலுக்கு அப்பாலும், பணம் கட்டும் இடம் ஹற்றன் போன்ற மலைநகரிலுமாகப் பந்தயம் இரண்டாகப் பிரிந்தது. இப்பிரிவை இணைக்கும் கருவிகளுள் தலையாயது ‘ஸ்டார்ட்டிங் பிரைஸ்’ எனப்படும் தொடக்க விலையாகும்.

விலை என்பது இங்கு, கட்டிய பணத்துக்கு வெற்றியில் கிடைக்கும் ஈட்டின் விகிதம். முன்னரே விலை பேசிக்கொள்ளாதவனுக்குக் குதிரைகள் புறப்படும் கணத்தில் நிலவிய விலையே உரியது. இங்கிலாந்தில் நெடுங்காலமாகக் களத்து முகவர்களின் பலகைகளிலிருந்து இது கணிக்கப்பட்டது. விலைகளை உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததுவரை வரிசைப்படுத்தி, இரு பாதியாக்கி, உயர்ந்த பாதியின் இறுதி விலையைத் தொடக்க விலையாகக் கொண்டனர். 2020இல் கொள்ளைநோயினால் களத்தில் முகவர் நிற்க இயலாதபோது, வெளிநிறுவனங்களின் விலைகள் அடிப்படையாயின.

நான்கு குதிரைகள் ஓடுகின்றன எனக் கொள்வோம். இரண்டின் விலை ஒன்றுக்கு இரண்டு. மற்றைய இரண்டின் விலை ஒன்றுக்கு மூன்று. எது வென்றாலும் 100 ரூபா திரும்பப்பெற, முதலிரண்டில் தலா 33.33 ரூபாவும், ஏனையவற்றில் தலா 25 ரூபாவும் கட்ட வேண்டும். மொத்தம் 116.67 ரூபா. மேலதிகமான 16.67 ரூபா முகவரின் இலாபத்துக்கு விலையினுள்ளேயே ஒதுக்கப்பட்ட இடமாகும். அறிவோ அதிர்ஷ்டமோ ஒருவனை ஒருநாள் வெல்லச் செய்யலாம். கட்டுவோர் அனைவரையும் ஒருசேர நோக்கின், இழப்பு கணக்கிலேயே அடங்கியுள்ளது.

தன் கைக்கெட்டாத சந்தையில் விலை தீர்மானமாவது தோட்டத் தொழிலாளிக்குப் புதிதன்று. அவர் பறித்த கொழுந்து தேயிலையாகி, லண்டனிலும் 1883 முதல் கொழும்பிலும் ஏலத்தில் விலைபோயிற்று. எனினும் இரண்டும் ஒன்றல்ல. கொழுந்து பறிக்கும் உழைப்பு மதிப்பைப் படைக்கின்றது. பந்தயமோ படைக்கப்பட்டதைக் கைமாற்றுகின்றது. உழைப்பில் ஒருமுறை உபரியை இழந்தவர், எஞ்சிய கூலியிலும் ஒரு பகுதியை இங்கு இழக்கின்றார். 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் இத்தொழிலின்மீது அறவீடு விதித்ததன்வழி, அரசும் இக்கைமாற்றத்தில் பங்காளியாயிற்று.

நாட்கூலி ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இலேயே நிறைவேறியது. சேமிப்புக்கு இடந்தராத கூலியில் வாழ்பவருக்கு, மகளின் திருமணத்துக்கோ பழைய கடனுக்கோ வேண்டிய தொகை ஒருசேரக் கிடைக்கும் வழிகள் மிகச் சில. அவ்வெற்றிடத்திலேயே புக்கிக் கடை நிற்கின்றது. தொழிலாளியைத் திருத்தப் புகுவோர் முதலில் அவ்வெற்றிடத்தை நோக்குதல் வேண்டும் என்பதே எமது கருத்து.