பெற்றோரும் வருமானச் சான்றும்

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் செல்லும் சாலையில் அமைந்திருக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. 1980களில் உருப்பெற்ற இத்தொழிற்பேட்டையில் சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி முதலிய வேதிப்பொருள் ஆலைகளே மிகுதி. ஆலையின் ஷிப்டு ஊதியத்திலும் ஓவர்டைம் பணத்திலும் பிள்ளைகளைப் பொறியியல் படிக்கவைத்த தந்தையர் இப்பகுதியில் பலர். படித்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றனர். ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற தந்தையைப் பார்த்து ஊரார் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "பையன் எப்போது உங்களை அழைத்துக்கொள்ளப் போகிறான்?" இதற்கான விடை பையனுடைய மனத்தைவிட அவனுடைய வருமான வரிக் கணக்கையே பெரிதும் சார்ந்திருக்கிறது. உறவுக்கு வருமானச் சான்று கேட்கும் இவ்வழக்கம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

வந்தேறி ஒருவர் அரசுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்ற அச்சமே இதன் வேர். 1882ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாமல் பொதுச்சுமையாகக் கூடியவரைத் தடுத்து நிறுத்த வகை செய்தது. கனடா 1908இல் ஆசியர்கள் கையில் இருநூறு டாலர் கொண்டுவர வேண்டும் என விதித்தது. பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை உள்ள நாட்டிலிருந்தோ இடைநில்லாப் பயணமாக வந்திருக்க வேண்டும் என்ற விதியும் அவ்வாண்டிலேயே பிறந்தது. 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் வான்கூவர் சென்ற 376 இந்தியருள் மிகப் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பத் துணைநின்றவை இவ்விதிகளே. முதல் உலகப் போருக்குப் பின், 1919இல், கனடாவில் இருந்த இந்தியர்கள் மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள இசைவு கிடைத்தது. அந்தப் பட்டியலில் தாயும் தந்தையும் இல்லை. குடும்பம் என்றால் கணவன், மனைவி, குழந்தைகள் என்னும் வரையறை இங்கேயே இறுகத் தொடங்கிவிட்டது.

தமிழர் வரலாற்றில் வருமானச் சான்று கொடுமையாக விளைந்த இடம் இலங்கை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர்க்கு, 1949ஆம் ஆண்டின் இந்தியர் பாகிஸ்தானியர் வதிவுரிமை (குடியுரிமை)ச் சட்டம் ஒரு குறுகிய வாயிலைத் திறந்தது. நீண்டகால வதிவோடு, தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காப்பாற்றப் போதிய உறுதியான வருமானமோ தக்க தொழிலோ உண்டென மெய்ப்பிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. தலைமுறைகளாகத் தேயிலை கிள்ளி அந்நாட்டின் வருவாயைப் பெருக்கியவர்களிடம், "உனக்கு வருவாய் உண்டா?" என்று கேட்கப்பட்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோரை இரு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்ட 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், பெற்றோர் ஒரு கரையிலும் பிள்ளைகள் மறு கரையிலுமாகப் பல குடும்பங்களைப் பிரித்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாயில்கள் சற்று அகன்றன. 1965ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், குடியுரிமை பெற்று 21 வயது நிரம்பியவரின் பெற்றோரை எண்ணிக்கை வரம்பின்றி ஏற்றது. கனடாவின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த குடும்ப வகுப்பில் பெற்றோருக்கும் இடம் கிடைத்தது. 1983க்குப் பின் டொரண்டோவுக்குப் பெயர்ந்த ஈழத்தமிழர் பலர் தம் முதியோரை வரவழைத்துக்கொண்டது இவ்வழியில்தான். ஆனால் அகன்ற வாயிலில் பணம் காவல் நின்றது. அமெரிக்கா தனது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, ஸ்பான்சர் செய்பவர் வறுமைக்கோட்டு அளவின் 125 விழுக்காடு வருமானம் காட்டி, நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்றாக்கியது.

கனடாவின் மாற்றம் இன்னும் கடுமையானது. 2011 நவம்பரில் பெற்றோருக்கான விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. 2014இல் மீண்டும் திறந்தபோது வருமான வரம்பு 30 விழுக்காடு உயர்ந்திருந்தது. ஓராண்டு வருமானம் காட்டினால் போதும் என்பது தொடர்ந்து மூன்று வரியாண்டுகள் என்றாயிற்று. பெற்றோரைத் தாங்குவதாகத் தரும் உறுதி பத்தாண்டுகளிலிருந்து இருபதாண்டுகளாயிற்று. இடையில் ஓராண்டு வேலை போனாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 2020இல் விருப்பம் தெரிவித்தோர் பட்டியலிலிருந்தே 2021 முதல் 2025 வரை அழைப்புகள் சென்றன. அதன்பின் தகுதி பெற்றவர்க்கு, தகுதி இருந்தும் வரிசை இல்லை.

இக்கணக்கினுள் மற்றொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கணவன், மனைவி, இரு குழந்தைகள் உள்ள வீட்டினர் கணவனின் பெற்றோரை அழைக்க விரும்பினால் ஆறு பேருக்கு வருமானம் காட்ட வேண்டும். 2023ஆம் வரியாண்டுக்கு அது ஏறத்தாழ 85,000 டாலர். அவர்கள் வந்தபின் உறுதிக்காலம் முடியும்வரை அந்த இருவரும் கணக்கிலேயே இருப்பர். பின்னர் மனைவியின் பெற்றோரை அழைப்பதென்றால் எட்டுப் பேருக்குக் காட்ட வேண்டும். அதே ஆண்டு அளவில் அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். யாருடைய பெற்றோர் முதலில் என்ற வழக்கு இவ்வாறு வீட்டுக்குள் நுழைகிறது. மகள் வீட்டில் தங்கலாகாது என்னும் நம் பழைய வழக்கத்திற்கு அயல்நாட்டு வரிப் படிவம் ஒன்று தன்னையறியாமல் துணை போகிறது.

சிங்கப்பூரில் இந்த ஏற்றத்தாழ்வை எண்ணிலேயே காணலாம். 2018 முதல் அங்கே பணிபுரியும் அயல்நாட்டு வல்லுநர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மாத ஊதியம் 6,000 வெள்ளி வேண்டும்; பெற்றோரை அழைக்க 12,000 வெள்ளி. ஒர்க் பெர்மிட்டில் செல்லும் கட்டுமானத் தொழிலாளிக்கு இரண்டுமே இல்லை. பிரிட்டனோ விசித்திரமான வழியொன்றைக் கண்டது. 2012 ஜூலைக்குப் பின், தமக்கு நெடுங்காலப் பராமரிப்பு தேவை என்பதையும், பிள்ளை பணம் அனுப்பினாலும் அது சொந்த நாட்டில் கிடைக்காது என்பதையும் பெற்றோர் மெய்ப்பிக்க வேண்டும். வருமானம் குறைந்த பிள்ளையால் பெற்றோரைத் தாங்க முடியாது. வருமானம் மிகுந்த பிள்ளையோ ஊரிலேயே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது விடை. இரு வழியிலும் கதவு அடைபடுகிறது.

முதியோர் மருத்துவச் செலவு பெரிது. வரி செலுத்தாதவர்க்கு அதை ஏன் தர வேண்டும் என்பது அரசுகளின் வாதம். அதைப் புறந்தள்ள முடியாது. ஆயினும் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு மருமகளை வேலைக்கு அனுப்பும் பாட்டியின் உழைப்பு எந்தப் படிவத்திலும் வருமானமாகப் பதிவாவதில்லை. அவருடைய செலவை எழுதும் கணக்கு, அவர் ஈட்டித் தருவதையும் எழுதுவதுதான் முறை.

நம் அகமரபு பொருள்வயிற் பிரிவை விரிவாகப் பாடியது. ஆனால் பொருள்தேடிச் சென்றவனின் பெற்றோருக்கு அதில் தனிக்குரல் அமையவில்லை. ஆற்றியிருப்பவள் தலைவி மட்டுமே. இன்றைய குடியேற்றச் சட்டங்களும் ஏறத்தாழ அப்படியே பார்க்கின்றன. இந்தியாவிலோ 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், பெற்றோரைப் பேணாத பிள்ளையை மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை வழங்குமாறு ஆணையிடலாம் என்கிறது. பேணுவது கடமை என்கிறது பிறந்த நாட்டுச் சட்டம்; உடன்வைத்துப் பேணுவது வசதியுள்ளவர்க்கே உரிய சலுகை என்கிறது புகுந்த நாட்டுச் சட்டம். கடமைக்கும் சலுகைக்கும் இடைப்பட்ட இவ்வெளியில், சிப்காட் ஆலையில் முப்பதாண்டுகள் ஷிப்டு பார்த்த ஒருவர், மகனுடைய மூன்றாண்டு வருமானம் ஒரு கோட்டைத் தொடுவதற்காகக் காத்திருக்கிறார். அந்தக் கோடு விலைவாசியோடு ஆண்டுதோறும் உயர்கிறது. அவருக்கோ வயது ஏறுகிறது.