பேரிகைக் குளிரும் பட்டறைக் கூரையும்

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு நம் பேரிகைப் பக்கம் குளிர் வந்து உட்கார்ந்துவிடும். சிவராத்திரிக்குத்தான் எழுந்து போகும். சென்னை உறவினர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மார்கழி இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது இங்கே அதிசயமில்லை. காரைக்கால் கடற்கரையில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்து, அரசாங்க குமாஸ்தாவாக இந்தப் பக்கம் வந்து தங்கிவிட்ட எனக்கு ஸ்வெட்டர் என்ற பொருளை அறிமுகப்படுத்தியதே இந்த மண்தான்.

1980இல் ஓசூரில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட் ஆலையும் வந்தன. அதன் பிறகு சின்னச் சின்ன ஜாப் ஒர்க் சுற்றுக் கிராமங்கள் வரை பரவியது. இன்று கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையில் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர் என்று வீட்டுப் பட்டறை நடத்துகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. எல்லாருக்கும் ஒரே புகார்தான். காலையில் கை விறைக்கிறது. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. லேத் படுக்கையில் துரு. அடுத்த வீட்டுத் தம்பி, "இதுக்கு என்ன சார் பண்றது?" என்று கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது பட்டுப்புழு. ஏனென்றால் இந்த வட்டாரத்தில் வேலை நடக்கும் கொட்டகையை எப்படிக் கதகதப்பாக வைப்பது என்று முதலில் யோசித்தவர்கள் பட்டு விவசாயிகள்.

புழு வளர்ப்பு மனையைப் பார்த்த மூத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒன்றரை அடி மண் சுவர், மேலே புல் அல்லது ஓடு, சுற்றிலும் தாழ்வாரம். ஜன்னல்கள் சிறியவை. கூரையை ஒட்டி மேலே சில திறப்புகள் இருக்கும். உள்ளே மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காக. எறும்பு ஏறாமல் இருக்க ஸ்டாண்டின் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம். இளம் புழுவுக்கு 26 முதல் 28 டிகிரி வேண்டும். கூடு கட்டப் போகிற வயதில் 24 டிகிரி போதும். 20க்குக் கீழே போனால் தழை தின்பது குறையும், நாள் நீளும், கொண்டு வந்த மல்பெரி தீரும். ஈரக் குளிர் சேர்ந்துகொண்டால் சுண்ணக்கட்டு நோய். புழு வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் குச்சி மாதிரி விறைத்துவிடும். அந்த நோய்க்குப் பூஞ்சைதான் காரணம் என்று இத்தாலியின் அகோஸ்தினோ பாஸி 1835இல் காட்டினார். நம் விவசாயிக்கு அந்தப் பெயர் தெரியாது. ஜன்னலுக்குக் கோணிச் சாக்கு கட்டவும், கரி அடுப்பை வெளியே பற்றவைத்துப் புகை அடங்கிய பிறகே உள்ளே கொண்டுவரவும் தெரியும்.

பள்ளியில் எங்களுக்கு லூயி பாஸ்தேர் (நீங்கள் பாஸ்டர் என்பீர்கள்) வெறிநாய்க்கடி மருந்துக்காக மட்டும் அறிமுகமாகவில்லை. 1865இல் தென் பிரான்சின் அலேஸ் பட்டணத்துக்கு அவரை அனுப்பினார்கள், பட்டுப்புழு செத்துக்கொண்டிருக்கிறது என்று. அதற்கு முன் அவர் புழுவைத் தொட்டதே இல்லை. கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாராம். பூச்சி அறிஞர் ஃபாப்ர் எழுதி வைத்திருக்கிறார். ஐந்து வருஷ உழைப்பு, நடுவில் 1868இல் ஒரு பக்கவாதம், 1870இல் புத்தகம். தாய் அந்துப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோயில்லாத முட்டையை மட்டும் வைத்துக்கொள்ளும் அவருடைய முறைதான் இன்றும் முட்டை உற்பத்தி நிலையங்களில் நடக்கிறது.

அந்த ஊர்ப் பக்கத்து மலைகளுக்கு செவென் என்று பெயர். அங்கே புழு வளர்க்கும் கட்டடத்தை 'மாஞன்ரி' என்பார்கள். தடித்த கல் சுவர், மூலைகளில் சிறு கணப்பு அடுப்புகள், மேலே காற்று வெளியேறும் வழி. முட்டை பொரிக்கப் போதிய சூடு இல்லாத காலத்தில் பெண்கள் அதைச் சிறு பையில் கட்டித் தம் உடம்போடு வைத்துக்கொள்வார்களாம். கல்லுக்குப் பதில் மண் என்று மாற்றிப் படித்தால் நம் மனைதான். இரண்டு ஊரும் ஒன்றை ஒன்று பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. புழுவின் தேவை ஒன்று, அதனால் வீடும் ஒன்று.

நாம் இழந்தது கூரையில். மண் சுவர் பகல் வெயிலை மெதுவாக வாங்கி இரவில் மெதுவாகக் கொடுக்கும். மங்களூர் ஓடும் மோசமில்லை. களிமண் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் சொட்டாது. அந்த ஓடும் ஒரு பிரெஞ்சுக் கதைதான். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்கு 1841இல் காப்புரிமை வாங்கியவர்கள் அல்சாஸ் பகுதியின் ஜிலார்தோனி சகோதரர்கள். 1865இல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ப்ளெப்ஸ்ட் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். ஆனால் தொழிற்பேட்டைக் காலத்தில் அவசரம் வந்தது. இரும்புக் குழாயை நட்டு மேலே நெளி தகரத்தைப் போட்டால் ஒரு வாரத்தில் பட்டறை தயார். லண்டன் துறைமுகத்துச் சரக்குக் கொட்டகைகளை மூடத்தான் ஹென்றி பால்மர் என்ற எஞ்சினியர் 1829இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மூட்டைகளுக்குக் குளிராது.

அரை மில்லிமீட்டர் தகரம் தெளிந்த வானத்தைப் பார்த்து இரவெல்லாம் தன் சூட்டை இழக்கிறது. வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்து போகிறது. உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதன் அடியில் பட்டு நீராகிறது. அதுதான் லேத் மேல் சொட்டுகிறது. சூடு ஒரு பொருளுக்குள் எப்படி ஓடுகிறது என்று 1822இல் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஃபூரியே. அவர் கிரெனோபிளில் நெப்போலியனின் கலெக்டர் மாதிரியான அதிகாரி. கோப்புகளுக்கு நடுவே செய்த கணக்கு. (எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.) தடிமன் கூடக் கூட சூடு தப்புவது குறையும்; அசையாத காற்று நல்ல தடுப்பு.

ஆகவே தம்பிக்குச் சொன்னது இதுதான். தகரத்துக்குக் கீழே நாலு அங்குலம் இடைவெளி விட்டு ஓர் உள்கூரை. வெல்டிங்கும் கிரைண்டிங்கும் இருக்கிற இடத்தில் தெர்மோகோல் வேண்டாம். ஒரு பொறி போதும், உருகிக் கரும்புகையோடு எரியும். ராக் வூல் விலை கூடத்தான், ஆனால் தீப்பிடிக்காது. அதன் அடியில், அதாவது அறையைப் பார்த்த பக்கம், ஒரு பாலிதீன் விரிப்பும் அதை மூடி ஜிப்சம் பலகையும். இல்லாவிட்டால் அறை ஈரம் மேலே ஏறி மறுபடியும் தகரத்தில்தான் நீராகும். ஷட்டருக்குக் கீழே மணல் நிரப்பிய கோணி உருளை.

ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள். உள்கூரையைக் குழாய்ச் சட்டத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிடுங்கள். அதன் தூசி நுரையீரலில் புகுந்தால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். பிரான்ஸ் 1997இல் அதைத் தடை செய்துவிட்டது.

எல்லாம் அடைத்த பிறகுதான் பெரிய ஆபத்து. இடுக்கு அடைத்த அறையில் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்தினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, தலை கனக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். கேஸ் அடுப்பிலும் அந்தப் பயம் இருக்கிறது; எரியும்போது நீராவியையும் விடுவதால் துருவும் கூடுதல். புழு மனையில் மேல் திறப்பை மூடாமல் விட்டது வீண் வழக்கமில்லை.

உள்கூரை வேலை முடியும்போது தம்பி சுவரின் உச்சியில் இருந்த ஒரு சாண் அகலத் திறப்பைக் காட்டி, "இதையும் அடைச்சுட்டா சூடு நிக்கும்ல சார்?" என்றார். நான் எமில் ஸோலாவைப் பற்றிச் சொன்னேன். பெரிய எழுத்தாளர், 1902 செப்டம்பரில் பாரீஸில் தன் வீட்டுப் படுக்கையறையில், கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்ததால் இறந்துபோனார், மனைவி பிழைத்தார். தம்பி கொஞ்ச நேரம் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எலி வராமல் இருக்க அதற்குக் கம்பி வலை அடித்தார்.