லாக் மலையில் அறிந்த செவ்வாயின் காற்று

டெக்சஸ் மாநிலத்தின் பாரிஸ் நகரில் வங்கி நடத்திய வில்லியம் ஜான்சன் மெக்டொனால்டு 1926இல் காலமானார். சொத்தின் பெரும்பகுதியை வானாய்வகம் அமைக்கும்படி டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். உறவினர்கள் வழக்குத் தொடுத்தனர். வழக்கு தீர்ந்த பிறகோ, பல்கலைக்கழகத்தில் வானியலாளர்களே இல்லை! 1932இல் சிகாகோ பல்கலைக்கழகத்துடன் 30 ஆண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது: மலையும் கருவியும் டெக்சஸுடையவை; ஆய்வாளர்கள் சிகாகோவினர். சிகாகோவின் யெர்க்கீஸ் ஆய்வகத்தை நடத்திய ஆட்டோ ஸ்துரூவே இந்தப் புதிய ஆய்வகத்துக்கும் இயக்குநரானார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரையும் டச்சுக்காரரான ஜெரார்டு கைப்பரையும் யெர்க்கீஸுக்கு அழைத்துக்கொண்டவர் அவரே.

டேவிஸ் மலைத்தொடரின் லாக் மலையில் 82 அங்குலத் தொலைநோக்கி 1939 மே 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அன்று உலகில் இரண்டாவது பெரியது. அதைக்கொண்டு சனியின் துணைக்கோளான டைட்டனில் மீத்தேன் இருப்பதைக் கைப்பர் 1944இல் அறிவித்தார்.

ஆனால் அன்று நிறமாலையைப் பதிவுசெய்த புகைப்படத் தகடு ஏறத்தாழ ஒரு மைக்ரான் அலைநீளத்துக்கு அப்பால் குருடு. மூலக்கூறுகள் ஒளியை வலுவாக விழுங்கும் அலைநீளங்கள் அதற்கு அப்பால்தான் நிறைய உள்ளன. அந்தக் கதவைத் திறந்தது போர்க்காலத்தில் உருவான ஈயசல்பைடு உணரி. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கேஷ்மன் உருவாக்கிய அதை நிறமாலைமானியில் பொருத்தி, கைப்பர் 2.5 மைக்ரான் வரை எட்டினார்.

1947இல் செவ்வாயின் முறை வந்தது. தேடியது கார்பன் டை ஆக்சைடு. அது நம் காற்றிலும் உண்டு. கிரகத்தின் ஒளி நம் தலைக்கு மேலுள்ள காற்றைக் கடந்துதான் கருவியை அடைகிறது. அப்படியானால் பதிவாகும் தடம் யாருடையது? காற்றில்லாத நிலவின் நிறமாலையையும் பதிவுசெய்து ஒப்பிட்டார் கைப்பர். நிலவில் தெரிவது நம் காற்றின் தடம் மட்டுமே. 1.6 மைக்ரானை ஒட்டிய பட்டைகள் செவ்வாயில் அதைவிட வலுவாக இருந்தன; அந்த மிகுதி செவ்வாயினுடையது. மரைனர் 4 விண்கலம் அங்கு செல்வதற்கு ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த விடை இது. இந்த ஆய்வகத்தின் வரலாற்றில் இதைவிட எளிமையான, இதைவிட அழகான சோதனை வேறில்லை என்றே நான் கருதுகிறேன். அடுத்த ஆண்டில், செவ்வாயின் துருவத் தொப்பி நீர்ப்பனி என்ற முடிவுக்கும் இதே கருவியின் வழியே கைப்பர் வந்தார்.

சிகாகோ ஒப்பந்தம் முடிந்ததும் டெக்சஸ் தன் சொந்த வானியலாளர்களோடு தொடர்ந்தது. ஹார்லன் ஸ்மித் இயக்குநராக இருந்தபோது, நாசாவின் துணையுடன் 107 அங்குலத் தொலைநோக்கி 1968இல் எழுந்தது. செவ்வாயின் நீராவி பருவத்துக்குப் பருவம் கூடிக் குறைவதை அதன்வழி 1970களில் அளந்தார்கள்.