கல்கத்தாவில் க்யூபிசத்துக்கு வாதாடியவர்

ஸ்டெல்லா க்ராம்ரிஷ் என்றால் கலை வரலாறு படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது, 1946இல் கல்கத்தா பல்கலைக்கழகம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ‘இந்துக் கோயில்’ நூல்தான். தன் காலத்துப் புதுக்கலையை, அது உருவாகிக்கொண்டிருந்தபோதே எடைபோட்டு எழுதிய விமர்சகர் க்ராம்ரிஷைப் பற்றி அதிகம் பேச்சில்லை. 1896இல் மொராவியாவில் பிறந்து, வியன்னாவில் கலை வரலாறு படித்து, தொடக்ககால பௌத்தச் சிற்பங்களை ஆராய்ந்து 1919இல் முனைவரானவர் அவர். தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதன் வந்து, கோதிக் முதல் டாடாயிசம் வரையிலான ஐரோப்பியக் கலையைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். ஜெர்மனியின் பாவ்ஹாஸ் கலைப்பள்ளி ஆசிரியர் யொஹான்னஸ் இட்டனுக்குக் கடிதம் எழுதிப் படைப்புகளை அனுப்பச் சொன்னார். 1922 டிசம்பரில் கீழ்த்திசைக் கலைச் சங்கத்தின் கண்காட்சியில் காண்டின்ஸ்கி, பால் க்ளே, ஃபைனிங்கர் ஆகியோரின் படைப்புகளைக் கல்கத்தாவாசிகள் நேரில் பார்த்தார்கள். நியூயார்க்கில் நவீனக் கலை அருங்காட்சியகம் திறக்க அப்போது இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன.

ஓவியங்களை வரவழைத்தது ஏற்பாட்டாளர் வேலை, அதை வைத்து ஒருவரை விமர்சகர் என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்கலாம். கண்காட்சிக்கு முன்பே, அதே ஆண்டில், ஓ.சி. கங்கூலி நடத்திய ‘ரூபம்’ இதழில் ககனேந்திரநாத் தாகூரை ‘இந்திய க்யூபிஸ்ட்’ என்று அழைத்து க்ராம்ரிஷ் எழுதிய கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. ககனேந்திரநாத்தின் அந்தக் காலப் படங்களில் படிக்கட்டும் தூணும் வாசலும் வெளிச்சத்தில் துண்டுதுண்டாக உடைகின்றன. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஏதோ ஒரு கதை நடக்கிறது. பாரிஸ் க்யூபிசம் கதையை ஒதுக்கி வைத்தது. இவரோ அதே கோணங்களைக் கொண்டு கதையும் உணர்வும் சொன்னார். இந்த வேறுபாட்டைக் குறையாகப் பார்க்காமல் ஓர் ஆக்கமாகப் பார்த்தார் க்ராம்ரிஷ். 1959இல் பிரிட்டிஷ் கலை வரலாற்றாசிரியர் டபிள்யூ.ஜி. ஆர்ச்சர் இதே படங்களை மோசமான நகல் என்று தள்ளினார். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து எழுதியவருக்குக் கிடைத்த காலத்தொலைவு அவர் பார்வையைக் கூர்மையாக்கவில்லை. பாரிஸை அளவுகோலாக வைத்ததால் அவரால் அளக்க மட்டுமே முடிந்தது. இந்த வழக்கில் என் தீர்ப்பு க்ராம்ரிஷ் பக்கம்தான்.

இன்னொரு மறுப்பு கனமானது. எதிலும் ஆன்மிகத்தைத் தேடியவர், புதுக்கலையையும் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்த்தார் என்பார்கள். அதில் உண்மை உண்டு; காண்டின்ஸ்கி போன்றவர்கள் அவருக்கு நெருக்கமாகத் தோன்றியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஆன்மிகப் பற்று மட்டும் இருந்திருந்தால், கோயிலைப் பற்றிய அவர் நூல் வெறும் தத்துவ விளக்கமாகச் சுருங்கியிருக்கும். அதில் இருண்ட கருவறையிலிருந்து வெளிநோக்கி வளரும் சுவர்கள், மாடங்கள், மேலே சிகரத்தில் குவியும் கல்லின் கனம் என உருவமே முதலில் பேசுகிறது. புராணக் கதை அதன் பின்னால்தான் வருகிறது. படத்தின் தளங்களையும் விசைகளையும் வாசிக்கப் பழகிய அதே கண்தான் விமானத்தையும் வாசித்தது. விமர்சகரை விட்டுவிட்டு அறிஞரை மட்டும் எடுத்துக்கொள்வது, அந்த அறிஞரையே பாதியாக்குவது.

1982இல் பத்மபூஷண் பெற்றவரை மறக்கப்பட்டவர் என்று எப்படிச் சொல்வது? மதிப்பு முழுவதும் ஒரு பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தது என்பதே குறை. 1983இல் வெளிவந்த அவருடைய தேர்ந்தெடுத்த கட்டுரைத் தொகுப்பின் தலைப்பிலும் புனிதக் கலைதான் நிற்கிறது. கோயில் கலை பற்றி எழுதும்போதெல்லாம் அவரை மேற்கோள் காட்டும் நம் எழுத்தாளர்கள், 1922இன் அந்த ‘ரூபம்’ கட்டுரையையும் தமிழில் கொண்டுவர வேண்டும்.